திரையைத் தொடும் உரிமை ஒருவருக்கே

போடியிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கும் மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கும் இதுதான் வழி. ஒரு வளைவில் போன் நாலு கோடு சிக்னல் காட்டும். அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. மேலே செக்போஸ்ட்டை நெருங்கும்போது தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரளத்து டவரைப் பிடிக்கும். செயலி எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கறாரான சோதனை வேண்டியதில்லை. சென்னை அலுவலகத்து வைஃபையில் வழுக்கிக்கொண்டு ஓடிய செயலி, இங்கே பாதித் திரையோடு உறைந்து நிற்கும். நாம் டவரைத் திட்டுவோம். டவர் செய்த தப்பு, விடையைத் தாமதமாகத் தந்தது மட்டும்தான். திரை உறைந்ததற்குக் காரணம் செயலிக்குள்ளேயே இருக்கிறது.

போடியிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின், அதாவது ஊரில் எல்லோரும் சொல்லும் ஸ்பைசஸ் போர்டின், மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. 2021இல் இவற்றைக் கிளவுட் வழியாக இணைத்துவிட்டார்கள். போடியில் உட்கார்ந்தபடியே புத்தடி ஏலத்தில் விலை கேட்கலாம். அன்றன்றைய ஏல விவரத்தை வாரியம் தன் இணையதளத்தில் அட்டவணையாகப் போடுகிறது: தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், எத்தனை லாட், வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. இந்த அட்டவணையைப் போனில் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே திரை, அதில் 'இன்றைய விலை' என்று ஒரே பொத்தான்.

செயலியைத் திறந்ததும் ஆண்ட்ராய்டு அதற்கென ஒரு த்ரெட்டைத் தொடங்கிவைக்கிறது. த்ரெட் என்றால், கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டே போகும் ஒரு வேலை ஓட்டம். இந்த முதல் த்ரெட்டுக்கு மெயின் த்ரெட் என்று பெயர். விரல் பட்டதைக் கவனிப்பது, பொத்தானை அமுங்கியதாகக் காட்டுவது, எழுத்தை வரைவது, பட்டியலை நகர்த்துவது எல்லாம் இதன் பொறுப்பு. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு முறைக்கும் அதற்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி வினாடி. 120 முறை புதுப்பிக்கும் புதிய போன்களில் அதிலும் பாதி.

இப்படி மூச்சுவிட நேரமில்லாத ஒருவரிடமே, "அப்படியே நெட்டில் போய் விலையையும் வாங்கி வா" என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்பதாவது வளைவில் விடை வர 12 வினாடி ஆகிறது என்றால், அந்த 12 வினாடியும் திரைக்கு உயிர் இல்லை. தொட்டதற்கு 5 வினாடிக்குள் பதில் இல்லையென்றால், செயலியை மூடவா, காத்திருக்கவா என்று ஆண்ட்ராய்டே ஒரு பெட்டியைக் காட்டிவிடும். இது நடக்கக் கூடாது என்றுதான் 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல், மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் வேலை செய்தால் செயலியையே விழச் செய்யும் விதியை கூகுள் வைத்தது. பெரிய கோப்பைப் படிப்பது, கனமான கணக்குப் போடுவது போன்றவற்றுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் தப்புக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

சரி, விலையை வாங்கிவர இன்னொரு த்ரெட்டை அனுப்பலாம். அதுதான் வழி. ஆனால் அது திரும்பி வந்து, கையில் இருக்கும் எண்ணைத் தானே திரையில் எழுதப் போனால் செயலி மறுபடியும் விழுகிறது. திரையை உருவாக்கிய த்ரெட் மட்டுமே அதைத் தொடலாம் என்று பிழைச் செய்தி வரும். புதிதாகப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் எரிச்சலாகிறார்கள். வேலை முடிந்தது, எண் கையில் இருக்கிறது, எழுத ஏன் தடை?

தடை இல்லையென்றால் என்ன நடக்கும் என்று பார்த்தால் எரிச்சல் போய்விடும். ஒரு பேச்சுக்கு, நேற்று கிலோவுக்கு அதிகபட்சம் 2,600 ரூபாய், சராசரி 2,300 என்று வைத்துக்கொள்வோம். இன்று விலை இறங்கி, அதிகபட்சம் 2,250, சராசரி 2,050. விலை வாங்கிவந்த த்ரெட் முதலில் அதிகபட்சத்தை மாற்றுகிறது. சராசரியை மாற்றக் கை வைப்பதற்குள் மெயின் த்ரெட் திரையை வரைந்துவிடுகிறது. திரையில் தெரிவது: அதிகபட்சம் 2,250, சராசரி 2,300. அதிகபட்சத்தைவிடச் சராசரி கூட! கணக்கிலேயே இடமில்லாத ஒரு விலை. அடுத்த கணம் சரியாகிவிடலாம், ஆகாமலும் போகலாம். இந்த வகைப் பிழை ஆயிரத்தில் ஒரு முறைதான் தலைகாட்டும். சோதித்துப் பார்க்கும்போது வரவே வராது.

இதற்குப் பழைய மருந்து, பூட்டு. ஒரு த்ரெட் எண்களை மாற்றி முடிக்கும்வரை பூட்டிவைக்கும். மற்றது வாசலில் நிற்கும். வேலை செய்யும், ஆனால் வாசலில் நிற்பது மெயின் த்ரெட் என்றால் திரை மறுபடி உறைகிறது. முக்கியமான த்ரெட், முக்கியமில்லாத ஒன்றின் பூட்டுக்காகக் காத்துக் கிடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு செவ்வாய்க் கிரகத்திலேயே உதாரணம் உண்டு. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம், சில நாளில் அடிக்கடி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ள ஆரம்பித்தது. வானிலைத் தகவல் திரட்டும் சாதாரண வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருந்தது. கலத்தின் தகவல் பாதையை நடத்தும் மிக முக்கிய வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட முக்கியத்துவம் உள்ள மூன்றாவது வேலை ஒன்று புகுந்து, பூட்டு வைத்திருந்ததை ஓடவே விடவில்லை. பூட்டு வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஒரு வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவைத்துச் சரிசெய்தார்கள். செயலி எழுதுகிறவருக்கு அப்படிப்பட்ட பொறியாளர் படை வாய்க்காது.

ஆகவே இன்னொரு வழி: பொருளைப் பகிராதே, செய்தியாக அனுப்பு. இதைப் புரிந்துகொள்ள போடிமெட்டுக்கு வடக்கே இருக்கும் டாப் ஸ்டேஷனைப் பார்த்தால் போதும். மூணாறு தேயிலை, 1924 பெருவெள்ளத்தில் அழிந்த குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து, ரோப்வேயில் பெட்டி பெட்டியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. மேலே இருப்பவர் பெட்டியில் நிரப்பி, ஆணியடித்து மூடி, கம்பியில் மாட்டிவிடுவார். கீழே இருப்பவர் வந்த வரிசையில் இறக்குவார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்குள் கைவிட வாய்ப்பே இல்லை. கம்பியில் மாட்டிய பிறகு, "ஒரு பிடி குறைகிறது" என்று மேலே இருப்பவர் திறக்கவும் முடியாது.

நம் செயலியிலும் அதேதான். விலை வாங்கிவரும் த்ரெட், தேதி, லாட், கிலோ, அதிகபட்சம், சராசரி எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கட்டி, அதற்குப்பின் யாரும் மாற்ற முடியாதபடி மூடி, மெயின் த்ரெட்டின் வரிசையில் போடுகிறது. மெயின் த்ரெட் தன் முறை வரும்போது எடுத்துத் திரையில் எழுதுகிறது. முழு அட்டவணையும் நேற்றையதாக இருக்கும், அல்லது முழுவதும் இன்றையதாக இருக்கும். கலப்படம் கிடையாது.

ஆண்ட்ராய்டில் இந்த வரிசைக்கு மெசேஜ் க்யூ என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே சுற்றுவது லூப்பர். வரிசையில் போடுவதற்கும், எடுத்ததும் என்ன செய்வது என்று சொல்வதற்கும் ஹேண்ட்லர். நாம் எழுதாவிட்டாலும் இவை இருக்கின்றன. மெயின் த்ரெட் வாழ்நாள் முழுக்கச் செய்வதே இந்தச் சுற்றுதான். திரையை வரையும் கட்டளை, செயலியைத் திற, ஒதுக்கு என்னும் கட்டளைகள், நம்முடைய விலைச் செய்தி எல்லாம் இந்த ஒரே சுற்றில்தான் முறை பெறுகின்றன. வரிசை காலியானால் த்ரெட் தூங்கிவிடும். அடியில் இருக்கும் லினக்ஸ் அடுத்த செய்தி வரும்போது எழுப்பும். சும்மா சுற்றிக்கொண்டு பேட்டரியைத் தின்பதில்லை. நாமாகத் தொடங்கும் சாதாரண த்ரெட்டுக்கு லூப்பர் தானாக வராது. அதற்கும் ஒரு வரிசை வேண்டுமென்றால் ஹேண்ட்லர்த்ரெட் என்ற ஆயத்த வகை உண்டு.

வரிசையில் போட்டாலே வேலை பின்னணிக்குப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. மெயின் த்ரெட்டின் வரிசையில் மூன்று வினாடி வேலையைப் போட்டால், மூன்று வினாடி திரை உறையும். கொஞ்சம் தள்ளி உறையும், அவ்வளவுதான். செய்தி சின்னதாக இருக்க வேண்டும், அதைப் பெற்றவர் செய்யும் வேலையும் சின்னதாக இருக்க வேண்டும். அட்டவணையைப் பிரித்து எண்ணாக்குவது, வரிசைப்படுத்துவது எல்லாம் அனுப்புகிறவரின் பக்கமே முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது, முகவரியில் ஆள் இல்லாத செய்தி. விலை கேட்டுவிட்டு, காத்திருக்கும்போது ஜீப் குலுங்கியதில் போன் படுக்கைவாட்டில் திரும்புகிறது. ஆண்ட்ராய்டு வழக்கமாகப் பழைய திரையை அழித்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. கிளம்பிப் போன த்ரெட்டுக்கு அது தெரியாது. அழிந்த திரையின் முகவரியோடு திரும்பி வருகிறது. செய்தி வீணாவதோடு, பழைய திரையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதால் நினைவகமும் விடுபடுவதில்லை. 2009 முதல் பயிற்சி வகுப்புகளெல்லாம் சொல்லிக்கொடுத்த அசிங்க்டாஸ்க் என்ற ஆயத்த வகை இந்தச் சிக்கலில் நிறையப் பேரைத் தள்ளியது. 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது கூகுளே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. இன்று காட்லின் மொழியின் கோரூட்டீன்களில் வேலையைத் திரையின் ஆயுளோடு கட்டிவைக்கலாம். திரை போனால் வேலையும் ரத்து. போனைத் திருப்பினாலும் அழியாத வியூமாடலில் விலையை வைத்துவிட்டால், புதிதாக வந்த திரை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட மோசமானது நேரம் தவறி வரும் செய்தி. ஒரே நாளில் காலையிலும் மதியத்திலும் இரண்டு ஏலம் நடப்பதுண்டு. தோட்டக்காரர் ஒரு வளைவில் பொத்தானை அமுக்குகிறார். கோரிக்கை சிக்னல் இல்லாமல் தொங்குகிறது. மேலே ஏறியதும் பொறுமையிழந்து மறுபடி அமுக்குகிறார். இரண்டாவது விடை முதலில் வந்துவிடுகிறது, மதிய விலை திரையில் தெரிகிறது. பத்து வினாடி கழித்து முதல் கோரிக்கையின் பழைய விடை நிதானமாக வந்து, மதிய விலையை அழித்துக் காலை விலையை எழுதிவிட்டுப் போகிறது. செயலி விழவில்லை, பிழைச் செய்தி இல்லை, திரை பளிச்சென்று இருக்கிறது. அதை நம்பி அவர் சரக்கை விற்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். வைத்தியம் எளிது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, ஏற்கெனவே காட்டியதைவிடச் சின்ன எண்ணோடு வரும் விடையைக் குப்பையில் போட வேண்டும். பத்து வரி வேலை. எத்தனை செயலிகள் இதைச் செய்வதில்லை என்பது ஆச்சரியம்தான்.

குப்பையில் போடுவதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். விலை மாதிரி நிலவரச் செய்திகளில் கடைசியாக வந்தது போதும். ஆண்ட்ராய்டின் லைவ்டேட்டா அப்படித்தான்: மெயின் த்ரெட் எடுப்பதற்குள் மூன்று மதிப்புகள் வந்தால் கடைசியை மட்டும் கொடுக்கும். ஆனால் விலை 'கேட்கும்' செயலி என்றால் கதை வேறு. 2,240, 2,250, 2,260 என்று ஒருவர் கேட்ட மூன்றும் மூன்று நிகழ்ச்சிகள். ஒன்றைக்கூட விடக் கூடாது, முன்பின் மாறவும் கூடாது. அதற்குக் காட்லினில் சேனல் என்ற வகை. எந்தச் செய்தியை விடலாம், எதை விடக் கூடாது என்பதை நூலகம் முடிவு செய்யாது. எழுதுகிறவர் முடிவு செய்ய வேண்டும்.

திரையை மெயின் த்ரெட் மட்டுமே தொடலாம் என்ற சட்டம் ஐபோனிலும் இதேதான். 2010இல் ஐஓஎஸ் 4 கொண்டுவந்த கிராண்ட் சென்ட்ரல் டிஸ்பாட்சில் மெயின் க்யூவுக்கு வேலையை அனுப்புவார்கள். இரண்டு வகைப் போனுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டர் இன்னும் கறார். த்ரெட்டுகளின் இடத்தில் அது வைத்திருக்கும் ஐசோலேட்டுகள் நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதில்லை. செய்தி அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. செய்தியாக அனுப்பும் இந்த யோசனை ஸ்மார்ட்போனைவிட மிகப் பழையது. கார்ல் ஹெவிட்டின் ஆக்டர் மாதிரி 1973, செய்திப் பரிமாற்றம் பற்றிய டோனி ஹோரின் கட்டுரை 1978. எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980களில் உருவாக்கிய எர்லாங் மொழி முழுக்க முழுக்கச் செய்திப் பரிமாற்றத்தில் நிற்பது. வாட்ஸ்அப் தன் சர்வர்களை அதில்தான் கட்டியது.

ஆனால் செய்தியிலும் எதையும் அளவுக்கு மீறி ஏற்ற முடியாது. ஒரே செயலிக்குள் த்ரெட்டுகளுக்கிடையே போகும் பொருள் நகலெடுக்கப்படுவதில்லை என்பதால் சுமை தெரியாது. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு ஆண்ட்ராய்டின் பைண்டர் என்ற பாதை வழியாகப் போகும்போது, நடந்துகொண்டிருக்கும் எல்லாப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து சுமார் 1 மெகாபைட்தான் இடம். ஏலக்காய் மாதிரியின் படத்தை அப்படியே செய்திக்குள் திணித்தால் செயலி விழும். படத்தைக் கோப்பாகச் சேமித்து, அது இருக்கும் இடத்தை மட்டும் அனுப்புங்கள்.

தேனியிலோ நெடுங்கண்டத்திலோ உட்கார்ந்து செயலி எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரில் நெட்வொர்க் வகையை எட்ஜ் என்றும் சிக்னலைப் பலவீனம் என்றும் மாற்றி வையுங்கள். டெவலப்பர் அமைப்புகளில், திரையை விட்டு நகர்ந்ததும் அதை அழித்துவிடச் சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதையும் இயக்குங்கள். பொத்தானை இரண்டு முறை அமுக்கி, நடுவில் போனைத் திருப்பி, திரையில் எந்த விலை நிற்கிறது என்று பாருங்கள். அதில் தேறிய பிறகு செயலியை ப்ளே ஸ்டோரில் ஏற்றுங்கள்.