தண்ணி வசதி உண்டா?

2025 ஏப்ரலில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் என் வாக்கிங் நண்பர். பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர். அன்றைக்கு மட்டும் ஒரே வரி.

"சார், ஆள் இருக்காங்களாம்!"

"எங்கே சார்?"

"மேலே!"

அவர் வீட்டு மாடி போர்ஷன் ஆறு மாதமாகக் காலி. அதற்குத்தான் யாரோ வந்துவிட்டார்களாக்கும் என்று, "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனுஷருக்குக் கோபம். பேப்பரைப் பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். 124 ஒளி ஆண்டு தூரத்தில் கே2-18பி என்று ஒரு கிரகம். அங்கே உயிர் இருப்பதற்கான அடையாளம் கிடைத்திருக்கிறதாம்.

"காபிக்கு வாங்க, பேசலாம்" என்றேன்.

வந்தார். முதல் கேள்வியே, "இங்கேருந்து பார்த்துட்டு எப்படி சார் சொல்றாங்க, அங்கே குடியிருக்கலாம்னு?"

"உங்க மாடியைப் பார்க்க வர்றவங்க முதல்ல என்ன கேக்கறாங்க?"

"தண்ணி வசதி உண்டான்னு."

விஞ்ஞானிகளும் அதையேதான் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த உயிர் எதுவும் தண்ணீர் இல்லாமல் பிழைத்ததில்லை. ஐஸாகவும் இல்லாமல், ஆவியாகவும் போகாமல், தண்ணீர் தண்ணீராகவே கிடக்க வேண்டுமானால் நட்சத்திரத்திலிருந்து ஒரு கணக்கான தூரம் தேவை. மார்கழியில் குளிர்காய்கிறவன் நெருப்பிலிருந்து தள்ளி உட்காரும் தூரம். இதற்கு 1959-ல் சூ ஷூ ஹுவாங் என்ற வானியல் நிபுணர் 'ஹாபிடபிள் ஸோன்' என்று பெயர் வைத்தார். 'உயிர் வாழத் தகுந்த மண்டலம்' என்றால் பாடப்புத்தக வாசனை அடிக்கிறது. குடித்தன மண்டலம் என்று வைத்துக்கொள்வோமே!

நம்முடைய பூமி இதில் நட்டநடுவே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 2013-ல் ரவிகுமார் கொப்பரப்புவும் சகாக்களும் போட்ட கணக்குப்படி, நாம் உள்பக்க ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறோம். சூரியன் 15 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் பக்கமாக வெறும் 15 லட்சம் நகர்ந்தால் எல்லை வந்துவிடும். நிலாவுக்குப் போகிற தூரத்தைப் போல நாலு மடங்கு, அவ்வளவுதான். மேகம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அப்புறம் வந்த கணக்குகள் எல்லையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வயிற்றில் பால் வார்த்தன.

ஆனால் அடுப்பு ஒரே மாதிரி எரிவதில்லை. சூரியன் நூறு கோடி வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. குடித்தன மண்டலமும் வெளிப்பக்கமாக நகர்கிறது. இன்னும் நூறு கோடி வருஷம் சொச்சத்தில் நம் சமுத்திரங்கள் ஆவியாகத் தொடங்கும் என்கிறார்கள்.

"லீஸ் அதுவரைக்கும் இருக்கில்ல, போதும்" என்றார் நண்பர். பேங்க் புத்தி!

தூரம் மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. செவ்வாயைப் பாருங்கள். அதே கணக்குப்படி அது மண்டலத்துக்குள்ளேதான் இருக்கிறது. பையன் சின்னவன், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சக்தியில்லை. காய்ந்து, உறைந்து கிடக்கிறான். வெள்ளி நேர் எதிர். ஏறக்குறைய பூமி சைஸ். ஆனால் கரியமில வாயுவை மலை மாதிரி போர்த்திக்கொண்டு 465 டிகிரி செல்சியஸில் வெந்துகொண்டிருக்கிறது. ஈயம் உருகி ஓடும். நமக்கும் போர்வை உண்டு, மெல்லிசாக. அது மட்டும் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. போர்வை தேவை, எவ்வளவு கனம் என்பதில்தான் விஷயமே.

"நமக்குப் பக்கத்துல வேற எதுவும் காலி இல்லையா?"

இருக்கிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.2 ஒளி ஆண்டு. அதைச் சுற்றும் கிரகத்தை 2016-ல் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரம் மங்கல், சிவப்பு. அதனால் ரொம்ப நெருங்கிச் சுற்றினாலும் மண்டலத்துக்குள்ளேதான். அங்கே ஒரு வருஷம் என்பது நம்முடைய 11 நாள். மாசத்துக்கு ரெண்டு தீபாவளி, ரெண்டு போனஸ்! ஆனால் அந்த நட்சத்திரம் ஒரு முன்கோபி. அடிக்கடி சீறிக் கதிர்வீச்சை வாரி இறைக்கிறது. கிரகத்தில் காற்று என்று ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். போய்ப் பார்க்கலாம் என்றால், விநாடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர்-1 வேகத்தில் 75,000 வருஷம் ஆகும்.

சரி, பேப்பரில் வந்த கே2-18பி?

இதுவும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தின் குடித்தன மண்டலத்தில் இருக்கிறது. எடை பூமியைப் போல எட்டரை மடங்குக்கு மேல். அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது, ஒளி அதன் காற்றில் வடிகட்டி வரும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், என்ன வாயு என்று சொல்லலாம். 2025-ல் வந்த ஒளி அங்கிருந்து 1901 வாக்கில் கிளம்பியது. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழுவினர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் 2023-ல் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாகச் சொன்னார்கள். 2025-ல் டைமீதைல் சல்ஃபைடோ அதன் சகோதரனோ தெரிகிறது என்றார்கள். பூமியில் அதைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. பேப்பர்காரர்கள் கொண்டாடியது இதைத்தான்.

மற்ற குழுக்கள் அதே தகவலை வாங்கி மறுபடி அலசிப் பார்த்துவிட்டு, நிச்சயமில்லை என்று கையை விரித்தன. அந்த வாயு, உயிர் எதுவும் இல்லாத ஒரு வால் நட்சத்திரத்திலும் அகப்பட்டிருக்கிறது. அங்கே கடல் இருக்கிறதா என்பதே இன்னும் வழக்கில்.

நண்பர் முகம் வாடிவிட்டது. மாடி போர்ஷனைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது இருக்குமே, அதே முகம்.

"அப்ப, எங்க காலத்துல தெரியாதா சார்?"

தெரியலாம், அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். குடித்தன மண்டலத்துக்கு வெகு தூரம் வெளியே சனியின் துணைக்கோள் என்செலடஸ். மேலே முழுக்க ஐஸ். 2005-ல் காசினி விண்கலம் பார்த்தபோது, அதன் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்தூளும் பீச்சி அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே கடல்! சூரியன் தயவே வேண்டாம்; சனியின் ஈர்ப்பு சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து சூடேற்றுகிறது. வியாழனின் யூரோப்பாவிலும் ஐஸுக்கடியில் கடல் இருப்பதாகத்தான் நம்புகிறார்கள். அங்கே உயிர் பிழைக்க வசதி உண்டா என்று பார்க்க 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் கிளம்பியாயிற்று. போய்ச் சேருவது 2030-ல்.

நண்பர் விரல் விட்டு எண்ணினார். "2030-ல எனக்கு எழுபத்தஞ்சு."

போன வருஷம்தான் அவருக்கு பைபாஸ் ஆனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே என் மனைவி இரண்டாவது ரவுண்டு காபி ஆற்றும் சத்தம் கேட்டது. நண்பர் எப்போதும் டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்கிறவர்.

"சார், எனக்கு சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.