கபூஸ் பாதையும் மாதிரி இருப்புப்பாதையும்

சிறியதொன்றை நுணுகி நோக்குவார்க்குப் பெரியதன் இயல்பு தானே புலப்படும். மாதிரி இருப்புப்பாதை அமைத்தல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பலர் ஈடுபாட்டோடு பயிலும் ஒரு கலை. மலையும் பாலமும் நிலையமும் சிற்றுருவில் அமைத்து, அவற்றினூடே புகையிரதங்களை ஓடவிடுவதோடு இக்கலை முடிந்துவிடுவதில்லை. உண்மையான இருப்புப்பாதை எங்ஙனம் தொழிற்படுகின்றதோ அங்ஙனமே சிற்றுருவும் தொழிற்படல் வேண்டும் என்பது இத்துறையில் வல்லார் கொள்கை. அவ்வாறு அமைக்க முயல்வோருட் பலர் கருத்தின்றி விட்டுவிடுவது, கபூஸ் என்னும் கடைசிப் பெட்டி நிற்பதற்குரிய பாதையாகும். மற்றெல்லாம் அமைத்தபின் எஞ்சிய மூலையில் இதனைத் திணித்தல் தகாது என்பதையும், இதற்குரிய இடத்தை வண்டிகளின் போக்குவரவே வரையறுக்கின்றது என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கபூஸ் என்பது யாது? அமெரிக்கச் சரக்குப் புகையிரதங்களின் ஈற்றில் முன்னாளில் இணைக்கப்பட்ட பெட்டியே அது. நாம் அறிந்த காப்பாளர் பெட்டி அதற்கு உறவுடையது. கண்டக்டர் எனப்படும் வண்டித் தலைவரும் அவர்க்குத் துணையான பிறேக்காரரும் அதிற் பயணஞ் செய்தனர். கூரைமேல் உயர்ந்த சிறு மாடத்திலோ, பக்கத்தே புடைத்து நின்ற பலகணியிலோ அமர்ந்து, முன்செல்லும் பெட்டிகளின் அச்சு சூடேறிப் புகைகின்றதா, ஏற்றிய சரக்குச் சரிகின்றதா என அவர்கள் நோக்கி வந்தனர். வண்டி இடைவழியில் நின்றுவிட்டால், பிறேக்காரர் கொடியும் விளக்கும் ஏந்திப் பின்னோக்கி நடந்து, தொடர்ந்து வரும் வண்டியை எச்சரிப்பார். கண்டக்டர் தம் மேசையிலிருந்து சரக்குப் பத்திரங்களை ஒழுங்கு செய்வார். ஊர்விட்டு ஊர் சென்ற இரவுகளில் அப்பெட்டியிலேயே சமைத்துண்டு உறங்கினாரும் உளர். பல இருப்புப்பாதைகளில் ஒவ்வொரு கண்டக்டருக்கும் தமக்கென ஒரு கபூஸ் இருந்தது. ஆதலின் அது சரக்கேற்றும் பெட்டியன்று. தொழிலாளர்க்கு அலுவலகமும் இல்லமும் ஆயிற்று. இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றி அதற்குரிய பாதையைச் செவ்வனே அமைத்தல் இயலாது.

இனி, இப்பாதையின் இடத்தைக் காண்பாம். பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் வண்டிகளை உருவாக்கும் பரந்த இடத்தை யாட் என்பர். ஒரு யாட்டின் மேற்கே ஒரு பிரிவும் கிழக்கே ஒரு பிரிவும் உள்ளன எனக் கொள்வோம். மேற்குப் பிரிவுத் தொழிலாளர் கிழக்கு நோக்கி ஒரு வண்டியைக் கொண்டு வருகின்றனர். வண்டியின் தலை யாட்டின் கீழைமுனையிலும், கபூஸ் மேலைமுனையிலும் நிற்கும். அவர்கள் ஓய்வு கொண்டு தம் ஊருக்கு மீளும்போது வண்டி மேற்கு நோக்கிச் செல்லும். அப்பொழுது அதன் ஈறு யாட்டின் கீழைமுனையில் அமையும். ஆகவே, மேலைமுனையிற் கழற்றிய கபூசைக் கீழைமுனையில் இணைத்தல் வேண்டும். கபூஸ் பாதை இருபுறமும் திறந்திருப்பின், கபூஸ் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிப்படும். கிழக்குப் பிரிவினரின் கபூஸ்களோ இதற்கு நேர்மாறாகக் கீழைமுனையிற் புகுந்து மேலைமுனையில் வெளியேறும். இரண்டையும் ஒரே பாதையில் விட்டால் ஒன்றையொன்று மறிக்கும். ஆதலின், பிரிவுக்கு ஒன்றாக இரு குறும்பாதைகள் அமைத்தலே முறை. சண்டிங் எஞ்சின் இவ்விரண்டையும் பிரதான பாதையைத் தொடாமலே அடையத்தக்க வண்ணம் பாதைமாற்றிகள் அமைதல் வேண்டும்.

இருபுறமும் திறந்த பாதையால் விளையும் மற்றொரு நன்மை ஒழுங்காகும். முன்வந்த தொழிலாளர் முன்செல்வது அந்நாளைய வழக்கு. அவர்தம் கபூசும் அவ்வாறே முன்வந்தது முன்செல்லல் வேண்டும். ஒருபுறம் அடைபட்ட பாதையிலோ, முதலில் வந்தது அடியிற் சிக்கிக் கடைசியில் வந்ததே வாயிலில் நிற்கும். அது நெல்மூடைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்குதல் போன்றது. அடிமூடையை எடுக்க மேலுள்ளன யாவற்றையும் இறக்க வேண்டும். மூன்று கபூஸ்கள் அவ்வாறு நிற்பின், உள்ளே நிற்பதைப் பெறுதற்கு மூன்றையும் வெளியே இழுத்து, இரண்டை மீண்டும் உள்ளே தள்ளுதல் வேண்டும். அதற்குள் வண்டி புறப்படும் நேரம் கடந்துவிடும். காலப்போக்கில் தனியுரிமை நீங்கி, எக்கபூசும் எவர்க்கும் உரியதாகும் பொதுமுறை பரவியபோது, எதனையும் எடுக்கலாம் என்பதால் இத்தொல்லை குறைந்தது. எனவே, தாம் எக்காலத்தைச் சித்திரிக்கின்றார் என்பதை அமைப்போர் முதலிலே தெளிதல் வேண்டும்.

பாதையின் நீளத்தைக் கால அட்டவணையே கூறும். மேற்குப் பிரிவு வண்டிகள் காலை 6, 8, 11 மணிக்கு வருகின்றன. அப்பிரிவுக்கு மீள்வன காலை 9 மணிக்கும் பிற்பகல் 2, 4 மணிக்கும் புறப்படுகின்றன எனக் கொள்வோம். 8 மணிக்கு இரு கபூஸ்கள் நிற்கும். 9 மணிக்கு ஒன்று செல்லும். 11 மணிக்கு மீண்டும் இரண்டாகும். ஆகவே ஒருங்கே நிற்பவை இரண்டே. பழுதுபட்டதற்கு மாற்றாக ஒன்றைக் கூட்டினால் மூன்று. எச்.ஓ. எனப்படும் அளவில் உண்மையின் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர். எனவே 36 அடிக் கபூஸ் 126 மில்லிமீற்றராகும். இணைப்பிகளையும் இடைவெளியையும் சேர்த்து 140 எனலாம். மூன்றுக்கு 420 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை அடிக்கும் குறைவு, போதுமானது. இரு முனைகளிலும் பாதைமாற்றிகள் கொள்ளும் நீளம் இதற்குப் புறம்பானது.

நிறுத்துதல் மட்டும் போதாது, பேணுதலும் வேண்டும். உண்மையான யாட்டிலே கபூசுக்கு அடுப்புக்கரி, விளக்கெண்ணெய், குடிநீர், பனிக்கட்டி ஆகியன ஏற்றப்பட்டன. கொடிகளும், செந்தீப் பந்தங்களும், தண்டவாளத்தில் வைத்து ஒலியெழுப்பும் எச்சரிக்கை வெடிகளும், சங்கிலிகளும், மாற்று உறுப்புகளும் நிரப்பப்பட்டன. உள்ளிடம் கூட்டித் துப்புரவாக்கப்பட்டது. மாதிரியில் இவற்றைக் காட்ட ஒரு கரித்தொட்டி, ஒரு நீர்க்குழாய், ஒரு சிறு பண்டகசாலை ஆகியன அமையும். எச்.ஓ. அளவில் அடுத்தடுத்த பாதைகளின் மையங்களிடையே சுமார் 50 மில்லிமீற்றர் விடுதல் வழக்கம்; இங்கே 75 விட்டால், ஆட்கள் பொருள் சுமந்து நடத்தற்கேற்ற வெளி கிடைக்கும். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி இணையும் பாதைகளுக்கு இஃது அப்பாற்பட்டிருத்தலும் வேண்டும். உள்ளே ஒருவர் உறங்கிக்கொண்டிருத்தல் கூடுமன்றோ?

இடம் போதாதவிடத்து எதனைக் கைவிடுவது என்பது அமைப்போர்க்கு எழும் வினா. சரக்குப் பெட்டிகள் நிற்கும் பாதைகளுள் ஒன்றைக் குறைப்பினும் கபூஸ் பாதையைக் குறைத்தலாகாது என்பது எமது துணிபு. அப்பாதை இல்லையேல், வந்த வண்டியின் கபூஸ் வந்த இடத்திலேயே நின்று நெடும்பாதை ஒன்றை அடைத்துக்கொள்ளும். அன்றேற் சரக்குப் பெட்டிகளோடு கலந்து ஒவ்வொரு சண்டிங்கின்போதும் இடையூறு விளைக்கும். ஒன்றரை அடியைச் சேமிக்க எண்ணியவர் ஒரு முழுப்பாதையை இழப்பர்.

1982ஆம் ஆண்டில் தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின் பின், கபூஸ்கள் அமெரிக்கப் பாதைகளினின்றும் விரைந்து மறைந்தன. பிறேக் குழாயின் காற்றழுத்தத்தை வானொலி மூலம் எஞ்சினுக்கு அறிவிக்கும் சிறு கருவியொன்று, செவ்விளக்கோடு கடைசிப் பெட்டியிலே தொங்கலாயிற்று. அக்கருவிக்கு அடுப்பும் வேண்டா; படுக்கையும் வேண்டா; பாதையும் வேண்டா. செலவு குறைந்தது, ஆயின் வண்டியின் ஈற்றிலிருந்து அதனைக் காத்த மனிதர்க்கு ஆங்கு இடமில்லாது போயிற்று. அவர் வாழ்ந்த முறையை இன்று ஒரு பலகைமேல் அமைப்பவர், அவருக்குரிய இடத்தையும் அளந்தே அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு தண்டவாளமும் அவ்விடத்தில் ஏன் கிடக்கின்றது என்னும் வினாவுக்கு விடை கூறவல்ல மாதிரியே கல்வியாகும். அவ்விடையில்லாதது வெறும் விளையாட்டுப் பொருளேயாம்.