வன்னியில் மருந்தும் வழியும்

மருந்து பற்றிய அதிகாரத்திலே வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வார் என நான்கினை எண்ணிக் கூறினார். வன்னியிற் பிறந்தாரைக் கேட்டால் ஐந்தாவதாக ஒன்றையுஞ் சேர்ப்பர். அது வழி.

இது விளையாட்டுரை அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தோர் சுமார் 92,000 பேர். மாவட்டத்தின் பரப்போ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதிற் பாதியளவுகூட இல்லாத யாழ்ப்பாண மாவட்டம் அவ்வாண்டில் 5,80,000க்கு மேற்பட்ட மக்களைத் தாங்கி நின்றது. ஆளெண்ணி அளவு வகுத்தால் முல்லைத்தீவுக்குக் கிடைப்பது சிறுபங்கே. நோயுற்றவர் கடக்கவேண்டிய தூரமோ பெரும்பங்கு.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் சுகாதாரப் பணியின் பெரும்பகுதி மாகாணத்தின் பொறுப்பாயிற்று. மாகாணப் பணிப்பாளரின் கீழ்க் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பிராந்தியப் பணிப்பாளர்கள் உளர். நோய் தீர்க்குங் கிளையிலே மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளும், மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் முதலிய ஆதார வைத்தியசாலைகளும், அவற்றின் கீழ்ப் பிரதேச வைத்தியசாலைகளும் அடங்கும். கடைசிப் படியில் நிற்பதற்கு 'ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு' என்று பெயர். அத்துணை நீண்ட பெயரைக் காய்ச்சலோடு வருபவர் சொல்லி முடிப்பது அரிது. ஊரவர் அதனையும் ஆஸ்பத்திரி என்றே அழைப்பர். இங்கெல்லாந் தீராத நோய்க்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை உண்டு.

நோய் வராமற் காக்குங் கிளை வேறு. 1926இல் களுத்துறையிலே தொடங்கப்பெற்ற சுகாதாரப் பகுதி முறையே இதற்கு மூலம். சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்போர் இதன் தூண்கள். கடைசியாகச் சொன்னவரைத் தாய்மார் மருத்துவிச்சி என்பர். பதவிப்பெயர் எதுவாயினும் எமக்கு அப்பழைய சொல்லே உகந்தது. அதிலே உறவு தொனிக்கின்றது.

ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மருத்துவிச்சி என்பது நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. வலிகாமத்திலே அத்துணைப் பேரும் சில ஒழுங்கைகளுக்குள் அடங்கிவிடுவர். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ அவர்கள் பல கிராமங்களிற் சிதறியிருப்பர்; இடையே குளக்கட்டும் காடும் யானை கடக்குந் தெருவும் கிடக்கும். கருவுற்றவரைப் பதிவுசெய்தல், குழந்தையை நிறுத்துப் பார்த்தல், தடுப்பூசிக்கு நாட்குறித்தல், பிரசவித்தவளை வீடுதேடிச் சென்று காணுதல் ஆகிய அனைத்தும் அவர் பணி. கிளினிக் நாளில் ஒரு தாய் வரவில்லையெனின், ஏன் வரவில்லை என்று அறிய அவரே செல்லவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லாத நாளில் அவ்வீடு பார்க்கப்படாமற் போகும். அவ்வீட்டிலே இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணி ஒருத்தி இருக்கவுங் கூடும்.

இச்சிறிய உத்தியோகத்தரின் ஆற்றலை அறியாதார் மலேரியாவின் கதையை நோக்குக. வன்னியிற் குடி குன்றியதற்குக் காய்ச்சலும் ஒரு காரணம் எனப் பிரித்தானிய அதிகாரிகள் எழுதிவைத்தனர். டி.டி.ரி. மருந்து தெளித்ததனால் 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வென்றோம் என்று கை தளர்ந்தவுடன் 1960களின் இறுதியிலே மீண்டும் பெருகிப் பரவிற்று. பின்னர் யுத்த காலத்திலும் வெளிக்களப் பணியாளர் விரல்நுனியிற் குருதியெடுத்துச் சோதித்து வந்தனர். உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கிற்று. இவ்வெற்றிக்குப் பெருங்கட்டடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

2009ஆம் ஆண்டிலே இவ்வொழுங்கு முழுவதுஞ் சிதைந்தது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காயிற்று. நோயாளர் புதுமாத்தளனில் ஒரு பாடசாலையிற் கிடத்தப்பட்டு, அங்கிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிலே கப்பலேற்றப்பட்டனர். அதன்பின் கட்டடங்கள் எழுந்தன. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் 2018இல் வடக்கிலும் ஓடத் தொடங்கியது. அது மெய்யாகவே வழியைக் குறைத்த பணி.

ஆயினும் அம்புலன்ஸ் ஒருநாள் ஆபத்துக்கே உதவும். வவுனியாப் பகுதியில் காரணந் தெளியாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகின்றது. நோய் முற்றியவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இயந்திரத்தாற் குருதி சுத்திகரிப்புச் செய்யவேண்டும். சிகிச்சைக்குக் கட்டணமில்லை, பஸ்சுக்கு உண்டு. கூடச் செல்பவரின் அன்றைய கூலியும் போகும். அதனால் முறை தவறுவோரும் உளர். மருத்துவிச்சியின் அளவை ஆளெண்ணிக்கையோடு தூரத்தையும் பார்த்துத் திருத்துவதும், கிராமத்திலே அவர் தங்க ஒரு விடுதி அமைப்பதும், சுத்திகரிப்பு நாளிலே நோயாளரை ஏற்றிச் செல்ல ஒரு வாகனம் விடுவதும் மாகாணத்தின் கைக்கு எட்டாத காரியங்கள் அல்ல. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இம்மூன்றுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகின்றது என்று வன்னி மக்கள் தம் பிரதிநிதிகளைக் கேட்பாராக.