ஹெல்சின்கி - டோக்கியோ: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானப் பயண நேரம் எவ்வளவு? தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம்.

தட்டையான வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, ஓர் உலக உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் போகும். அதுவே மிகக் குறுகிய வழி. சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறந்தால், ஏறி இறங்கும் நேரமும் சேர்த்து ஒன்பதரை மணி நேரம் ஆகும்.

ஆனால் 1983-ல் ஃபின்ஏர் நிறுவனம் எங்கும் நிற்காமல் டோக்கியோ செல்லும் சேவையைத் தொடங்கியபோது, சோவியத் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியிருந்தது. விமானம் வட துருவத்தைக் கடந்து, அலாஸ்கா அருகே பெரிங் நீரிணை வழியாகச் சுற்றிப் போனது. பயணம் சுமார் 13 மணி நேரம்.

பின்னாளில் சைபீரிய வழி கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி என்று ஹெல்சின்கி பெயர் பெற்றது. ஃபின்ஏர் தன் ஆசிய வணிகத்தையே இந்த வழியை நம்பி வளர்த்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச் மாதம் டோக்கியோ விமானம் மறுபடியும் துருவத்தின்மேல் பறந்தது. மீண்டும் 13 மணி நேரம்!

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பயண நேரம் மட்டும் 1983-க்கே திரும்பிவிட்டது. தூரத்தை வேகத்தால் வகுக்குமுன், இடையிலுள்ள நாடுகள் வழிவிடுமா என்றும் கேட்டாக வேண்டும்.