உங்களுக்குத் தெரியுமா? மதர்போர்டை மாற்றாமலே பதினாறு கோர்!

2017-இல் ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த முதல் ரைசன் சிப்களில் அதிகபட்சம் எட்டு கோர். 2020 நவம்பரில் அதே சாக்கெட்டுக்கு வந்த ரைசன் 9 5950எக்ஸில் பதினாறு. பழைய மதர்போர்டுகள் பலவற்றிலும் பயாஸைப் புதுப்பித்தால் இது ஓடும். ஆனால் பழைய சிப் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும்; கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரையில் ஒன்றும் வராது.

இத்தனை கோர் சி++ நிரல்களைக் கம்பைல் செய்யக் கைகொடுக்கும்: மூலக் கோப்புகள் தனித்தனியாகக் கம்பைல் ஆவதால் கோர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். நாம் சொன்னால்தான்! எத்தனை வேலையை ஒரே நேரத்தில் ஓட்டுவது என்று குறிப்பிடாவிட்டால், லினக்ஸின் 'மேக்' கட்டளை ஒவ்வொரு கோப்பாகத்தான் எடுக்கும். மற்ற கோர்கள் சும்மா கிடக்கும். கடைசியில் வரும் லிங்க் கட்டம் வேறு அவ்வளவாகப் பங்கு போட வராது. கோரை இரட்டித்தால் நேரம் அப்படியே பாதியாகாது என்பதற்கான கணக்கை ஜீன் அம்டால் 1967-இலேயே போட்டுவிட்டார். ராமையும் பாருங்கள்: கனமான சி++ கோப்பு ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கக்கூடும். பதினாறு கோரின் 32 திரெட்டையும் ஓட்டினால் 16 ஜிபி எந்த மூலைக்கு?

பழைய சிப்பைக் கழற்றும்போதும் கவனம்: ஏஎம்4 சிப்பின் அடியில் 1,331 பின்கள். வெப்பப் பசை இறுகியிருக்க, கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப்பும் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, சூடு ஆறுமுன் கூலரை இலேசாகத் திருகி எடுப்பதே வழக்கம். 2022-இல் வந்த ஏஎம்5-இல் பின்கள் சாக்கெட்டுக்கே இடம் மாறிவிட்டன.