வீடு தேடி வரும் நலப்பணி: பயனை அளப்பது எங்ஙனம்?

கல்வி பள்ளிக்கூட வாயிலிலே தொடங்குவதன்று. கருவுற்ற தாய் உண்ணும் உணவும், அவள் பெறும் பராமரிப்பும், பின்னாளில் எம் வகுப்பறைக்கு வரும் மாணவனது உடலையும் அறிவையும் உருவாக்குகின்றன. ஆதலின், தாயையும் சேயையும் இல்லம் நாடிச் சென்று பேணும் பணியின் பயனை ஆராய்தல் ஆசிரியராகிய எமக்கும் உரிய கடமையாம்.

இலங்கையில் இப்பணி புதியதன்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. மருத்துவமாதர் வீடுதோறுஞ் செல்லும் முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1930களில், ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2015இல் அத்தொகை 40க்குங் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் மருத்துவமாதரின் வருகையால் விளைந்ததோ? அன்று. 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வி பெண்களுக்கு எழுத்தறிவைப் பெருக்கிற்று. மருத்துவமனையிற் பிள்ளை பெறும் வழக்கமும் வளர்ந்தது. பல காரணங்கள் கலந்தவிடத்து ஒன்றன் பங்கைப் பிரித்தறிதல் எளிதன்று.

அதற்கு ஒரு வழி ஒப்புநோக்கலாகும். அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ, அப்பாச்சி முதலிய பழங்குடிகளைச் சேர்ந்த இளந்தாயர் 322 பேர், சீட்டுக் குலுக்கினாற்போல இரு கூட்டமாகப் பகுக்கப்பட்டனர். வழக்கமான பராமரிப்பை இரு கூட்டத்தாரும் பெற்றனர். ஒரு கூட்டத்தாரிடம் மாத்திரம், பயிற்சி பெற்ற அவர்தம் இனப் பெண்களே வீடு தேடிச் சென்றனர். குழந்தைகளுக்கு மூன்று வயதாகும்வரை தொடர்ந்து ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். வருகை பெற்ற தாயரிடம் குழந்தை வளர்ப்பறிவு மிகுந்தும் மனச்சோர்வு குறைந்தும் காணப்பட்டன. அவர்தம் குழந்தைகளிடம் நடத்தைக் குறைபாடுகளும் குறைந்திருந்தன.

இனி எம் மாவட்டத்தை நோக்குவோம். இறத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் மலைத்தோட்ட மக்கள் பழங்குடியினர் அல்லர். எனினும், ஊரினின்று ஒதுங்கி வாழ்தலும், உத்தியோகத்தர் மொழி தம் மொழியின் வேறாதலும் அவர்க்கும் உள. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை அவர்தம் மருத்துவம் பெரும்பாலுந் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. அரசாங்க மருத்துவமாதர் இங்குப் பிந்தியே வந்தனர். அவருள்ளும் தமிழறிந்தார் சிலரே.

ஆகவே, எத்தனை வீடுகளுக்குச் சென்றனர் என்று எண்ணிக் குறிப்பேட்டை நிரப்புதல் மாத்திரம் அளவீடாகாது. தாய் கொழுந்து பறிக்கப் போன நடுப்பகலிலே பூட்டிய லயக் காம்பராவின் முன் நின்று திரும்புவதும் கணக்கில் ஒரு வருகைதான்! நாம் வினவவேண்டியவை மூன்று. கடைசி லயத்துக் கடைசி வீட்டையும் பணி எட்டிற்றோ? சொன்னது தாய்க்கு விளங்கும் மொழியில், அவள் மனங்கொள்ளும் முறையில் அமைந்ததோ? வருகை பெறாத குடும்பத்தோடு ஒப்பிடுமிடத்து, பிறப்பு நிறையிலும் தாயின் குருதிச் சோகையிலும் குழந்தையின் வளர்ச்சியிலும் நலம் விளைந்ததோ?

இம்மூன்றுக்கும் விடை காண்பதற்குத் தமிழறிந்த பணியாளர் வேண்டும். தாயர் வாய்மொழியைச் செவிமடுக்கும் பொறுமையும் வேண்டும். மருத்துவராகவும் மருத்துவமாதராகவும் தாதியராகவும் நாளை புறப்படும் எம் மாணவமணிகள், தாம் ஏறிவந்த மலைப்படிகளை மறவாது மீண்டும் ஏறிச் செல்வாராக.