பாடசாலை முடிந்த பிறகு பின்னறையா? குதிரையும் ஆடும் தோட்டமும் செய்யும் வைத்தியம்

எங்கள் பகுதிப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு உள்ள இடங்களில், விசேட தேவையுடைய பிள்ளைகள் ஓரளவுக்குக் கவனிக்கப்படுகிறார்கள். கட்டாயக் கல்வி 16 வயது வரை. பதினேழாவது வயதில் அந்தப் பிள்ளை எங்கே போகிறது? பெரும்பாலும் வீட்டின் பின்னறைக்குத்தான். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வரும் காலத்தில் அந்த அறையின் கதவும் சாத்தப்படுகிறது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனிய, திகன வரை பஸ் போகும் வழியில் இப்படியான வீடுகள் உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் அவற்றை அறிவோம். ஊருக்கும் தெரியும், பேசுவதில்லை.

பல நாடுகளில் இந்த வயதினருக்கும் பெரியவர்களுக்கும் குதிரை, பண்ணை வழியான சிகிச்சைத் திட்டங்கள் நடக்கின்றன. நம்மவர்களில் சிலர் வீடியோக்களில் பார்த்துவிட்டு, "குதிரையில் ஏற்றினால் ஓட்டிசம் குணமாகுமாமே" என்று கேட்கிறார்கள். குணமாகாது. ஆனால் அதில் பயன் இருக்கிறது. எந்தப் பயன் என்று விளங்கிக்கொண்டால் ஏமாற மாட்டோம்.

1944இல் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண்ணைப் போலியோ தாக்கியது. அவர் அப்போது கர்ப்பிணி. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. அதற்கு முன்பே குதிரையேற்றம் தெரிந்தவர் என்பதால், பிறர் தூக்கி ஏற்றிவிட மீண்டும் பழகினார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வென்றார். இதைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பாவில் பலர் குதிரையை வைத்திய நோக்கோடு பார்க்கத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1969இல் உருவானது.

இதன் அடிப்படை எளிமையானது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டாக, மேல்கீழாக என்று மூன்று வகையாக அசைகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பும் அப்படியே அசைகிறது. நாம் கால்களால் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நடக்க முடியாத பிள்ளையின் உடலுக்கு நடையின் தாளம் இந்த வழியால் கிடைக்கிறது. மூளைவாதம் உள்ள பிள்ளைகளின் சமநிலையும் முண்டத்தின் உறுதியும் இதனால் ஓரளவு மேம்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மனநலப் பக்கத்தில் சான்றுகள் இன்னும் மெலிதானவை. ஆனாலும் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. குதிரை, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். பக்கத்தில் நிற்பவரின் பதற்றத்தையும் குரலையும் உடனே உணரும். கத்தினால் விலகும், அமைதியானால் நெருங்கும். கோபத்தை அடக்கத் தெரியாத பதினைந்து வயதுப் பையனுக்கு நாங்கள் வகுப்பில் சொல்லும் புத்திமதியை விட இது வேகமாக உறைக்கும் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களோடு இதைச் செய்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்ததைச் சிறுவயதில் பார்த்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களுக்கு உளவளத்துணை தேவைப்படும் என்று அன்று எத்தனை பேர் யோசித்தோம்?

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியற்று இருக்கும். வைத்தியர் பார்க்காமல் அவர்களைக் குதிரையில் ஏற்றக் கூடாது. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கும் இதே விதிதான். ஏற்புத்தடுப்பு ஊசி, தலைக்கவசம், இரு பக்கமும் நடந்து வர ஆட்கள் ஆகியவை கட்டாயம். உல்லாசப் பயணிகளை நுவரெலியாவில் சுற்றிக் காட்டும் குதிரையில் பிள்ளையை ஏற்றி வட்டமடிக்க வைப்பது சிகிச்சை ஆகாது.

குதிரைக்குச் செலவும் அதிகம். தீனி, லாடம், மிருக வைத்தியர், பழக்கப்பட்ட பராமரிப்பாளர் என்று அது நீளும். அதனால் நம் ஊர்களுக்கு நான் முன்வைப்பது பண்ணையைத்தான். நெதர்லாந்தில் இப்படிப் பராமரிப்புத் தரும் பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. விவசாயி தன் வேலையைச் செய்கிறார், அறிவு வளர்ச்சிக் குறைபாடோ மனநோயோ உள்ள சிலர் வாரத்தில் சில நாட்கள் வந்து அவரோடு வேலை செய்கிறார்கள், செலவுக்கு உள்ளூராட்சி பணம் தருகிறது. ஆடு காலையில் தீனி கேட்டுக் கத்தும், கோழி முட்டையிடும், நாற்று வாடும். அந்த மனிதர் வராவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். "நீ வராவிட்டால் பரவாயில்லை" என்றே வாழ்நாள் முழுவதும் கேட்டுப் பழகியவருக்கு இது பெரிய மாற்றம்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு, நம்மவர்கள் அதை அறிவது நல்லது. பெல்ஜியத்தில் கேல் என்ற ஊர். அங்கே ஒரு கிறிஸ்தவப் புனிதரின் தலத்துக்கு மனநோயாளிகளை நேர்ச்சைக்காகக் கூட்டி வருவார்கள். இடம் போதாமல் ஊர் விவசாயிகள் அவர்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். வயலில் வேலையும் மேசையில் சாப்பாடும் கொடுத்தார்கள். நூற்றாண்டுகள் கடந்து இன்றும் அது தொடர்கிறது. 1930களில் மூவாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள் அந்த ஊர்க் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள்.

நம் பக்கம் ஏர்வாடியைப் பாருங்கள். இலங்கையிலிருந்தும் பலர் போய் வரும் தர்ஹா அது. மனநோயாளிகளைக் கொண்டு வந்து விடும் வழக்கம் அங்கும் உண்டு. அங்கே உருவானவை தனியார் கொட்டகைகளும் சங்கிலிகளும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பின்னர் தமிழ்நாட்டு அரசு அத்தகைய இடங்களை மூடியது. பிறகு 'தவா, துஆ' என்ற பெயரில், துஆவோடு மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு தர்ஹாவின் அருகிலேயே செய்யப்பட்டது. ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஓதிய பிறகு நாள் முழுதும் அந்த மனிதர் என்ன செய்வார் என்பதே என் கேள்வி.

விலங்கும் வைத்தியமும் கண்டி முஸ்லிம்களுக்கு அந்நியமானவை அல்ல. கண்டி அரசில் பொதி எருதுகளை ஓட்டி உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டுவந்த மடிகே பிரிவில் நம் முன்னோர் இருந்தார்கள். அரசனுக்கு வைத்தியம் பார்த்த கோபால பரம்பரையும் முஸ்லிம் குடும்பம்தான். நாயை வைத்துச் செய்யும் சிகிச்சைகளுக்கு நம் வீடுகள் தயங்கும். ஆடு, மாடு, குதிரை என்றால் அந்தத் தயக்கமும் இல்லை.

ஹுன்னஸ்கிரிய போன்ற சரிவான நிலத்தில் சக்கர நாற்காலி ஏறாது. குரங்கும் காட்டுப்பன்றியும் பயிரை விடாது. திகன, குண்டசாலைப் பக்கம் சமதரை கிடைக்கும். குண்டசாலையில் விவசாயப் பாடசாலை, பேராதனையில் மிருக வைத்திய பீடம், திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை என்று கேட்டுப் பார்க்க வேண்டிய கதவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு மூன்று மஹல்லாக்கள் சேர்ந்து அரை ஏக்கரில் பத்து ஆடுகள், ஒரு கோழிக்கூடு, மிளகு நாற்றுப் பைகள் என்று தொடங்கலாம். வாரத்தில் இரண்டு காலை போதும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நாளும் பெண் உதவியாளர்களும் வேண்டும். இல்லையென்றால் உம்மாமார் அனுப்ப மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. ஸகாத் நிதியை இதற்கு எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தையல் இயந்திரம் கொடுக்கும் அதே பட்டியலில் இதையும் வைத்துப் பேசட்டும்.

ஆடு வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் பதினாறு வயதைத் தாண்டிய இப்படியானவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. அதைப் பள்ளி நிர்வாகம் ஒலிபெருக்கியில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஓர் ஆசிரியையும் மருத்துவ மாதுவும் வீடு வீடாகப் போய் உம்மாமாரோடு உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள்.